தெய்வமும் ஊழும் கலந்த பெருநாவலைச் சொந்தமாக வெளியிடுவது எப்படி

விதியை எழுதும் தெய்வங்கள், அதை மீறத் துடிக்கும் மனிதர்கள், நடுவில் ஒரு போர், நாலு ராஜ்யம், ஒரு சாபம். இப்படி ஒரு மிகுபுனைவு நாவலை எழுதி முடித்துவிட்டு "அப்புறம் என்ன?" என்று உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கதை எழுதுவது எப்படி என்பது இதில் இல்லை. எழுதியதை அச்சுப் புத்தகமாகவும் மின்னூலாகவும் கொண்டுவர என்னென்ன தாள்கள் வேண்டும், பணம் எங்கே போகும், எது எவ்வளவு நாள் இழுக்கும் என்பதுதான் விஷயம். இதையெல்லாம் ஒரே இடத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டாகக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டியிருந்தது.

முதலிலேயே ஒன்று. குடும்ப நாவல் 200 பக்கத்தில் முடிந்துவிடும். நம்முடையது அப்படியில்லை, 600 பக்கம் சாதாரணம். பைண்டிங், அட்டை, விலை, தபால் செலவு, கடைக்காரரின் முகபாவம் எல்லாம் அந்தப் பக்க எண்ணிக்கையைப் பார்த்துத்தான் மாறும். அது முடிவாகும் முன் அட்டைக்கோ அச்சுக்கோ முன்பணம் கொடுக்காதீர்கள். கீழே உள்ள வரிசை அதை மனதில் வைத்துப் போட்டதுதான்.

1. பதிப்பகமா, சொந்தமா?

இரண்டு மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பாருங்கள். முழு நாவலையும் கொட்ட வேண்டாம். ஒரு பக்கக் கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள், மொத்தச் சொல் எண்ணிக்கை போதும். மூன்று மாதம் காத்திருங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

பதிப்பகம் உங்களிடம் பணம் கேட்டால் அது பதிப்பிப்பது அல்ல, சேவை. சேவை வாங்குவதில் தப்பில்லை. ஆனால் மெய்ப்புக்கு (பிழை திருத்துவதற்கு) இவ்வளவு, வடிவமைப்புக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கேட்டு எழுதி வாங்குங்கள். "மொத்தமா ஒரு பேக்கேஜ் சார்" என்பவரிடம் எத்தனை பிரதி உங்கள் கைக்கு வரும் என்று முதலில் கேளுங்கள்.

ஒப்பந்தம் போடுவதாக இருந்தால் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் அவர்கள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதப்படாத பட்சத்தில், அது காலாவதியாகிவிடும். தொடர் நாவல் எழுதுபவர்கள் ஒரு வரியைத் தேடிப் பார்த்து அடிக்க வேண்டும்: "இந்நாவலின் அடுத்தடுத்த பாகங்களும்". முதல் பாகத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றாம் பாகத்தையும் ஒலிநூலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டவர்கள் உண்டு.

இனிச் சொல்வதெல்லாம் சொந்தமாக வெளியிடுபவர்களுக்கு.

2. இரண்டு தாள்கள் தயார் செய்யுங்கள்

யாருக்கும் கோப்பை அனுப்பும் முன் இவை கையில் இருக்க வேண்டும்.

முதலாவது பெயர்த்தாள். மனிதர், தெய்வம், ஊர், ஆறு, ஆயுதம், குலம் எல்லாவற்றின் பெயரும் எந்த எழுத்தில், சேர்த்தா பிரித்தா என்று. ஊழ்த்தேவியா, ஊழ்த் தேவியா? ஒரே நாவலில் இரண்டும் வரும். எழுத மூன்று வருடம் ஆகியிருந்தால் நிச்சயம் வரும். நீங்களே உருவாக்கிய பெயர்களுக்கு வேற்றுமை உருபு எப்படிச் சேரும் என்பதையும் அதே தாளில் எழுதிவையுங்கள். மெய்ப்பு பார்ப்பவருக்கு உங்கள் உலகத்தின் இலக்கணம் தெரியாது.

இரண்டாவது மரியாதைத்தாள். இது தமிழில் எழுதுபவருக்கே உரிய தலைவலி. தெய்வத்தை 'அவன்' என்பதா, 'அவர்' என்பதா? பக்திப் பாடல்களில் 'அவன்' உரிமையோடு வரும். போர்க்களத்தில் எதிரே நிற்கும் தெய்வத்தை ஒரு சேனாபதி எப்படி அழைப்பான்? 'தாங்கள்' என்று வணங்கி நிற்பவன் எந்த அத்தியாயத்தில் 'நீ' என்று நிமிர்கிறான்? ஊழுக்கு எதிராக மனிதன் எழும் கதையில் அந்த மாற்றம்தான் கதையே. தாளில் எழுதித் தராவிட்டால் மெய்ப்பு பார்ப்பவர் நல்ல மனதோடு எல்லாவற்றையும் 'தாங்கள்' ஆக்கிவிடுவார். எல்லாவற்றையும் ஒரே சீராக்குவது அவர் வேலை, குறை சொல்ல முடியாது.

3. எழுத்துருவைச் சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நீங்கள் யுனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள். பழைய அச்சகங்கள் பல இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பழைய குறியாக்க எழுத்துருக்களில் வேலை செய்கின்றன. உங்கள் கோப்பை மாற்றியில் போட்டு அவர்கள் எழுத்துருவுக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் பாலத்தில்தான் எழுத்துகள் விழும். 'வேந்தன்' என்று நீங்கள் அனுப்பியது 'ேவந்தன்' என்று வரும். கொம்பு தனியாகக் கழன்று, ஒரு புள்ளி வட்டத்தை இழுத்துக்கொண்டு வரியின் முனையில் நிற்கும். 'ஔ' என்பது 'ஒள' ஆகும். 'ஸ்ரீ' எதுவாக வேண்டுமானாலும் ஆகும். நான் முதலில் போன அச்சகத்தில் வந்த மெய்ப்பில் நாயகியின் பெயர் முதல் பாதியில் ஒரு மாதிரியும் இரண்டாம் பாதியில் வேறு மாதிரியும் இருந்தது. கேட்டால் "உங்க ஃபைல்ல அப்படித்தான் சார் இருந்துச்சு" என்றார்கள்.

செய்ய வேண்டியவை:

அச்சகத்தையோ வடிவமைப்பாளரையோ முடிவு செய்யும் முன் "இன்டிசைனில் யுனிகோடிலேயே செய்வீர்களா?" என்று கேளுங்கள். இன்டிசைன் என்பது பக்க வடிவமைப்பு மென்பொருள். அதில் தமிழ் சரியாக வர வேண்டுமானால் அதன் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போஸர் என்பதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். கேட்டதும் அவர் விழித்தால் வேறு ஆள் பாருங்கள்.

உங்கள் கோப்பிலேயே ஒரு வேலை இருக்கிறது. 'அவர்' என்று எழுதுவதற்குப் பதில் 'அவா்' என்று தட்டச்சு ஆகியிருக்கும். உற்றுப் பாருங்கள், இரண்டாவதில் இருப்பது ரகரம் அல்ல, துணைக்காலின் மேல் புள்ளி. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது, மின்னூலில் சில கருவிகளில் உடைந்து தெரியும். தேடல் பெட்டியில் 'ா்' என்று கொடுத்து எல்லாவற்றையும் 'ர்' என மாற்றுங்கள். துணைக்காலுக்கு மேல் புள்ளி தமிழில் எங்குமே வராது, அதனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். இதே போல 'எ' வர வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழான '௭' புகுந்திருக்கிறதா என்றும் தேடிவிடுங்கள்.

எழுத்துருவின் உரிமத்தையும் பாருங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, காட்டமரன் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, புத்தகத்தில் பயன்படுத்தக் காசு வேண்டாம்.

4. செம்மையும் மெய்ப்பும்

இரண்டும் வெவ்வேறு வேலை, வெவ்வேறு ஆள். செம்மை பார்ப்பவர் கதையைப் பார்ப்பார். "எல்லாம் முன்பே எழுதப்பட்டுவிட்டது என்று 4-ஆம் அத்தியாயத்தில் தெய்வம் சொல்கிறதே, அப்படியானால் 31-இல் அதே தெய்வம் ஏன் பதறுகிறது?" என்று கேட்பவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். தெய்வங்களால் என்ன முடியும், என்ன முடியாது என்று அரைப் பக்கத்தில் எழுதி அவரிடம் கொடுங்கள். கதையில் அந்த எல்லை எங்கெல்லாம் மீறப்படுகிறது என்று மட்டும் குறித்துத் தரச் சொல்லுங்கள். மிகுபுனைவு வாசித்துப் பழகிய நண்பர் பல ஓட்டைகளைத் தானே அடைத்துக்கொண்டு படிப்பார், ஆகவே அந்தப் பழக்கமே இல்லாத ஒருவரும் படிக்கட்டும்.

மெய்ப்புப் பார்ப்பவர் ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை பார்ப்பார். கூலி பக்கக் கணக்கில் அல்லது பாரக் கணக்கில் (16 பக்கம் ஒரு பாரம்). 600 பக்கத்துக்கு ஒரு மாதத்துக்குக் குறைவாகக் கேட்காதீர்கள். அவசரப்படுத்தினால் கடைசி 200 பக்கத்தில் அது தெரியும். வடிவமைப்புக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, கடைசித் திருத்தங்கள் ஏறியதா என்று பார்க்க இன்னொரு முறை. மூன்றாவதை நீங்களே பார்க்கலாம்.

வடிவமைப்பு முடிந்த பிறகு வசனங்களை மாற்றி எழுத ஆரம்பித்தால் பக்கம் ஓடும். அத்தியாயம் தள்ளிப் போகும், பொருளடக்கம் தப்பாகும், வடிவமைப்பாளர் மறுபடியும் கூலி கேட்பார். கேட்பது நியாயமும் கூட.

5. பக்கக் கணக்கு, பணக் கணக்கு

டெமி என்ற புத்தக அளவில், 11 புள்ளி எழுத்தில், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 200 முதல் 230 சொற்கள் பிடிக்கும். 1,30,000 சொல் நாவல் என்றால் சுமார் 600 பக்கம். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம். ஆகவே 38 பாரம், 608 பக்கம். கடைசிப் பாரத்தில் மூன்று நான்கு பக்கம் மட்டும் நிரம்பி மீதி வெறுமையாக இருந்தால் அதற்கும் காசு கொடுக்கிறீர்கள். எழுத்தளவை அரைப் புள்ளி குறைத்தோ பெயர் அகராதியைச் சேர்த்தோ பாரத்தை முழுதாக்கப் பாருங்கள்.

இப்போது பணம். தேவைக்கு அச்சிடும் பிஓடி முறையில் பக்கத்துக்கு இவ்வளவு காசு என்று விலை சொல்வார்கள். கணக்குக்காக 50 காசு என்று வைத்துக்கொள்வோம். 608 பக்கத்துக்கு ரூ.304. அட்டை, பைண்டிங் ரூ.40 என்றால் ஒரு பிரதி ரூ.344. விற்பனையாளர் 40 சதவீதம் கழிவு கேட்பார் என்று கொள்ளுங்கள். அட்டை விலையில் 60 சதவீதம்தான் உங்கள் கைக்கு. ரூ.575-க்குக் கீழே விலை வைத்தால் ஒவ்வொரு பிரதிக்கும் கைக்காசு போகும். ரூ.650 வைத்தால் ரூ.390 வரும், மிச்சம் ரூ.46. அதிலிருந்துதான் மெய்ப்புக் கூலி, ஓவியர், வடிவமைப்பு எல்லாம் திரும்பி வர வேண்டும். உங்களுக்குச் சொல்லும் உண்மையான விலைகளை இதே வாய்ப்பாட்டில் போட்டுப் பாருங்கள்.

மொத்தமாக அச்சடிக்கும் ஆஃப்செட் முறையில் 500 பிரதி அடித்தால் பிரதி விலை நன்றாக இறங்கும். ஆனால் முழுப் பணமும் முன்னாலேயே போகும், 500 தடித்த புத்தகங்கள் வீட்டில் ஒரு சுவரை மறைக்கும். முதல் நாவலுக்கு பிஓடியில் 100 பிரதி போட்டுப் பார்ப்பதே என் கட்சி. விலைப்புள்ளி வாங்கும்போது ஜிஎஸ்டி சேர்த்தா, லாரி வாடகை சேர்த்தா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டு பாகமாகப் பிரிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கணக்கில் அது நல்ல யோசனை, ரூ.350 விலையில் இரண்டு புத்தகம் எளிதாக நகரும். கதையில் நடுவே ஓர் இயல்பான நிறுத்தம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். போரின் பாதியில் வெட்டினால் வாசகர் இரண்டாம் பாகத்தை வாங்க மாட்டார், உங்களைத்தான் திட்டுவார்.

6. தெய்வப் பெயர்களும் மேற்கோள்களும்

ஊழ் பற்றிய கதை என்றால் முகப்பில் ஒரு குறளைப் போடத் தோன்றும். தாராளமாகப் போடலாம், மூலத்துக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் சமீபத்திய உரையையோ மொழிபெயர்ப்பையோ எடுத்துப் போடுவது வேறு விஷயம். ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு வரை உரிமை இருக்கும். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய ஆசிரியர்களின் நூல்கள் இதற்கு விலக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் அந்நூல்கள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். திரைப்பாட்டு வரி வேண்டவே வேண்டாம். இரண்டு வரிதானே என்று போட்டு அனுமதிக்கு அலைய நேரும்.

இதிகாசப் பாத்திரங்கள் எல்லோருக்கும் பொது. இன்னொரு எழுத்தாளர் அவர்களுக்குக் கற்பித்த தோழியோ, சாபமோ, புதுக் கிளைக்கதையோ பொது அல்ல. சிறு வயதில் படித்ததில் எது மூலம், எது கற்பனை என்று நமக்கே குழம்பிக் கிடக்கும். சந்தேகம் வந்த இடங்களைப் பழைய மூலத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

இன்றும் பொங்கல் வைத்துக் கிடா வெட்டி வழிபடும் ஒரு குலதெய்வத்தை அதே பெயரில் வில்லனாக்கினால் சிக்கல் வரலாம். மதவுணர்வைத் திட்டமிட்டுத் தீய நோக்கோடு புண்படுத்துவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவில் வருகிறது. உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை என்பது சரிதான், அதை நிரூபிக்க அலைவது நீங்கள்தானே. பெயரை மாற்றுங்கள், அல்லது அந்த வழிபாட்டுக்காரர் ஒருவரிடம் முன்பே படிக்கக் கொடுங்கள். பயந்து எழுதச் சொல்லவில்லை. பெயர் ஒன்றுதான் மாறும், கதை அப்படியே நிற்கும்.

7. ஐஎஸ்பிஎன்

புத்தகத்தை அடையாளம் காட்டும் தனி எண் இது. இலவசம். அழுத்திச் சொல்கிறேன், இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமையின் இணையதளத்தில் ஆசிரியராகவே பதிவு செய்து நீங்களே விண்ணப்பிக்கலாம். "வாங்கித் தருகிறோம்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் செய்வதும் அதே விண்ணப்பம்தான்.

தேவையானவை: அடையாளச் சான்று, முகவரிச் சான்று, கைபேசி எண், மின்னஞ்சல், புத்தகத்தின் தலைப்புப் பக்கம் அல்லது அட்டையின் படம், பக்கம், விலை, மொழி விவரங்கள். ஆதாரில் உள்ள பெயரும் விண்ணப்பப் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். புனைபெயரை ஆசிரியர் பெயருக்கான இடத்தில் மட்டும் போடுங்கள். ஏதாவது குறை சொல்லித் திருப்பினால் தேதி தள்ளிப்போகும், எனவே அச்சுக்குக் குறைந்தது ஒன்றரை மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

சாதா அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண். பாகங்கள் இருந்தால் பாகத்துக்கொன்று. அமேசானின் கிண்டில் மின்னூலுக்கு மட்டும் எண் கட்டாயமில்லை, அவர்களே ஓர் அடையாள எண் கொடுத்துவிடுவார்கள். சேவை நிறுவனம் தன் எண்ணைக் கொடுத்தால் பதிவேட்டில் வெளியீட்டாளர் அவர்கள்தான், நீங்கள் அல்ல.

8. பதிப்புரிமைப் பதிவு

கட்டாயமில்லை. எழுதிய கணமே உரிமை உங்களுடையது. பதிவு என்பது பின்னால் வழக்கு வந்தால் காட்ட ஒரு சான்று. பதிவுத் தபாலில் தனக்குத் தானே கையெழுத்துப்படி அனுப்பிக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அதற்குச் சட்டத்தில் தனி மதிப்பு ஏதும் இல்லை.

பதிவு செய்வதானால் பதிப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் படிவம் 14. இலக்கியப் படைப்புக்கு ரூ.500. படைப்பின் பிரதி, அடையாளச் சான்று, வெளியீட்டாளர் வேறு ஆள் என்றால் அவருடைய தடையின்மைச் சான்று, அட்டையையும் சேர்த்துப் பதிந்தால் ஓவியரின் தடையின்மைச் சான்று ஆகியவை வேண்டும். விண்ணப்பத்துக்கு அவர்கள் தரும் நாட்குறிப்பு எண் கிடைத்ததும் ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருப்பு. அதன் பிறகே பரிசீலனை. சான்றிதழ் வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அதற்காக வெளியீட்டை நிறுத்திவைக்காதீர்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தெய்வங்கள் மனிதர் தலைவிதிமேல் பந்தயம் கட்டுகிறார்கள் என்பது வெறும் யோசனை, அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. நீங்கள் எழுதிய சொற்களுக்குத்தான் காப்பு.

9. அட்டையும் வரைபடமும்

பக்கம் முடிவான பிறகு மட்டும் அட்டையின் இறுதிக் கோப்பைக் கேளுங்கள். 608 பக்கப் புத்தகத்தின் முதுகு, தாளைப் பொறுத்து இரண்டரை முதல் மூன்று செ.மீ. வரை வரும். அகலத்தை அச்சகம்தான் சொல்ல வேண்டும். ஓவியர் குத்துமதிப்பாகப் போட்டால் தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும்.

ஓவியரோடு ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல் அட்டை, விளம்பரச் சுவரொட்டி, மறுபதிப்பு எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம் என்று இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவில் எடுத்த படமானால் கிண்டிலில் ஏற்றும்போது அதைச் சொல்ல வேண்டியிருக்கும், தனிக் கேள்வியே இருக்கிறது.

உலக வரைபடத்தை இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போட ஆசை வரும். பசை பைண்டிங்கில் நடுவில் ஒரு விரல் அகலம் உள்ளே போய்விடும். உங்கள் தலைநகரம் சரியாக அங்கேதான் இருக்கும். ஒரே பக்கத்தில் போடுங்கள், அல்லது நடுப்பகுதியில் கடலை வையுங்கள்.

10. அச்சுக்குக் கொடுக்கும்போது

தாள்: 70 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) மேப்லித்தோ என்ற தாள், நேச்சுரல் ஷேட் நிறத்தில். 60 ஜிஎஸ்எம் போட்டால் மெலிசாகும், ஆனால் பின்பக்க எழுத்து நிழலாடும். அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் போர்டு.

பைண்டிங்: 500 பக்கத்துக்கு மேல் போனால் நூல் தையல் கேளுங்கள். செலவு கூடும், கொடுக்கலாம். மாதிரிப் பிரதி ஒன்று வாங்கி, சரியாக நடுவில் பிரித்து மேசைமேல் கவிழ்த்து அழுத்துங்கள். பசை வெடித்தால் வாசகர் கையிலும் வெடிக்கும். மாதிரி பார்க்காமல் மொத்தத்துக்கும் சம்மதம் சொல்லாதீர்கள்.

நூல் விவரப் பக்கத்தில் தலைப்பு, ஆசிரியர், முதற்பதிப்பு மாதம் ஆண்டு, உரிமை, வெளியீட்டாளர் முகவரி, அளவு, தாள், எழுத்தளவு, பக்கம், விலை, ஐஎஸ்பிஎன், அச்சகம் எல்லாம் இருக்கட்டும். நூலகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது இதைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

காலம்: சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வரும். அதற்குக் கொண்டுவர வேண்டுமென்றால் அச்சுக் கோப்பு நவம்பர் முதல் வாரத்துக்குள் அச்சகத்தில் இருக்க வேண்டும். டிசம்பரில் எல்லாப் பதிப்பகமும் அங்கேதான் நிற்கும், நாலு பாரம் கவிதைத் தொகுப்புக்கு முன்னால் உங்கள் 38 பாரம் காத்துக் கிடக்கும். சிவகாசி என்றால் காலண்டர், டைரி வேலைகளும் சேர்ந்துகொள்ளும். அப்படிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் மெய்ப்புக்கு ஜூலையிலேயே போக வேண்டும். முடியவில்லையா, சென்னையை விட்டுவிட்டு ஆகஸ்டில் வரும் ஈரோட்டுக் காட்சியைக் குறிவையுங்கள்.

11. மின்னூல்

கிண்டிலில் மின்னூல் ஏற்றும் அமேசான் தளமான கேடிபியில் கணக்குத் தொடங்க பான் எண், வங்கிக் கணக்கு, முகவரி. வரிக் கேள்வித்தாளில் இந்தியா என்று குறிப்பிட்டுப் பான் எண்ணைக் கொடுத்தால், அமெரிக்க விற்பனையின் மேல் பிடிக்கும் வரி 30-லிருந்து 15 சதவீதமாகும். அவசரத்தில் இதைத் தாண்டிவிடுகிறவர்கள் நிறைய.

ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. ப்ரதிலிபி என்ற கதைத் தளத்திலோ உங்கள் வலைப்பூவிலோ தொடராக வந்திருந்தால் முதலில் அதை எடுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. 70 சதவீதத் திட்டத்தில் கோப்பின் எடைக்கேற்ப ஒரு தொகை கழிப்பார்கள், ஆகவே வரைபடங்களைச் சுருக்கி ஏற்றுங்கள். அட்டைப் படம் 1,600-க்கு 2,560 பிக்சல்.

ஏற்றிய பிறகு 72 மணி நேரத்துக்குள் வெளிவரும். பணம், விற்ற மாதம் முடிந்து ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து. ஏற்றும் முன் முன்னோட்டத்தில் அல்லாமல் நிஜமான கைபேசியில் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் கழலும் இடங்கள் அங்கேதான் தெரியும்.

12. வெளிவந்த பிறகு

வெளியான 30 நாளுக்குள் நான்கு நூலகங்களுக்கு உங்கள் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, டெல்லி பொது நூலகம், மும்பையில் உள்ள மத்திய நூலகம். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இது. தபால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். இந்தப் பருமனில் ஒரு புத்தகம் 650 கிராமுக்குக் குறையாது. வாசகருக்கு நேரடியாக அனுப்பும்போதும் கட்டுச் செலவு, தபால் செலவு சேர்த்தே விலை சொல்லுங்கள்.

நூலக ஆணை (நூலகங்களுக்காக மொத்தமாக வாங்கும் ஆணை) வரும் என்று நம்பி அதிகம் அடிக்காதீர்கள். விண்ணப்பியுங்கள், வந்தால் மறுஅச்சு போட்டுக்கொள்ளலாம்.

சென்னைக் காட்சியில் தனி அரங்கு எடுப்பதை மறந்துவிடுங்கள். ஏற்கனவே அரங்கு எடுத்திருக்கும் பதிப்பகங்கள் இரண்டிடம் 20 பிரதிகள் வீதம் கொடுங்கள். வாசகருக்கு அங்கே 10 சதவீதத் தள்ளுபடி வழக்கம், அது யார் பங்கிலிருந்து போகும் என்று முன்பே பேசிவிடுங்கள்.

கடைகளுக்கு விற்றால் பணம் என்ற முறையில் கொடுக்கும்போது, எத்தனை பிரதி, என்ன கழிவு, கணக்கு முடிக்கும் தேதி, திரும்பி வரும் பிரதி அழுக்காகவோ கிழிந்தோ இருந்தால் யார் பொறுப்பு என்று நான்கையும் டெலிவரி சலானில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களாகப் போய்க் கேட்டால்தான் கணக்கு வரும். அடுத்த பாகம் எழுதுவதாக இருந்தால் முதல் பாகத்தில் 30 பிரதிகளைக் கட்டுப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வந்ததும் எல்லோரும் முதலாவதைத்தான் கேட்பார்கள், அப்போது பிஓடியில் 30 பிரதிக்குத் தனியாக விலை கேட்டால் அதிகம் சொல்வார்கள்.